பத்துக்கு ஒன்பது

கீழே வருவதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம் என்று சொல்லி நழுவப் போவதும் இல்லை, நம்பித்தான் ஆகவேண்டும். ஏனென்றால் இதைக் கண்ணால் கண்டவர் சாதாரண ஆள் அல்ல. ஒளித்துவைத்த பொருள்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் கம்ப்யூட்டர் விளையாட்டுகளை நூற்றுக்கணக்கில் ஆடி, அலசி, இணையத்தில் மதிப்பெண் போடுகிறவர். அங்கே அவருக்குக் கழுகுக்கண்ணர் என்று பெயர். குப்பைமேட்டுக் குண்டூசிகூட அவர் பார்வைக்குத் தப்பாது.

வீட்டில் அவருடைய மூக்குக்கண்ணாடியை மனைவிதான் தேடிக் கொடுப்பாள். பெரும்பாலும் அது அவர் நெற்றியிலேயே இருக்கும். கழுகுக்கண்ணர் என்ற பட்டமும் அவராக வைத்துக்கொண்டதுதான்.

பிழைப்புக்கு ஒரு டைல்ஸ் கடையில் மேலாளர். "தண்ணி கொட்டினாலும் வழுக்காதுங்க" என்று ஒரு வாடிக்கையாளருக்கு நடந்து காட்டும்போது வழுக்கி விழுந்து வலது காலை முறித்துக்கொண்டார். முழங்கால்வரை மாவுக்கட்டு, ஒற்றை ஊன்றுகோல், நீண்ட விடுப்பு. கொடுத்து வைத்தவர். காலையிலிருந்து மாலைவரை மடியில் கம்ப்யூட்டரோடு சோபாவில் சாய்ந்து கிடந்தார்.

அந்த விளையாட்டுகளை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. திரையில் சாமான் இறைந்த ஓர் அறை வரும். கேட்கும் பொருளைத் தேடித் தொட்டால் அது உங்கள் பைக்குள் வந்துவிடும். பிறகு அதைக்கொண்டு வேறு எதையாவது திறக்க வேண்டும். பூட்டியிருந்தால் உடை, தைத்திருந்தால் கிழி, ஏன் எதற்கு என்று கேட்காதே. கதவு திறந்தே கிடந்தாலும் சம்மட்டியால் ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே போவதுதான் அந்த உலகத்தின் மரியாதை. ஆடி ஆடி அது கழுகுக்கண்ணரின் விரலில் ஊறிப்போயிருந்தது.

அன்று காலை ஒரு மின்னஞ்சல் வந்தது. 'மதிப்புக்குரிய ஐயா, தங்கள் மேலான மதிப்பீட்டுக்காக எங்கள் விளையாட்டு காத்திருக்கிறது.' அனுப்பியவர் பெயர் இல்லை. விளையாட்டுக்கும் பெயர் இல்லை. ஆனால் 'ஐயா' இருந்தது. அது போதாதா?

மனைவி ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். கிளம்பும்போது திரையை எட்டிப் பார்த்தாள்.

"யாரு என்னன்னு தெரியாம எதையும் இறக்கி வைக்காதீங்க. போன தடவை கம்ப்யூட்டர் ஒரு வாரம் படுத்துக்கிச்சு."

"என் அபிப்பிராயத்தக் கேட்டு எழுதியிருக்காங்க. அதோட அருமை உனக்குத் தெரியாது."

"தெரியுது, தெரியுது. கண்ணாடி நெத்தியில இருக்கு. மீனுக்கு மறக்காம தீனி போடுங்க."

போனாள்.

மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. ஹால் இருட்டியது. கழுகுக்கண்ணர் எழுந்து விளக்கைப் போடச் சோம்பல்பட்டு விளையாட்டைத் திறந்தார்.

முதல் அறை ஒரு ஹால். சோபா, சுவர்க் கண்ணாடி, மீன் தொட்டி. எங்கேயும் பார்க்கக்கூடிய ஹால்தான். 'ஓவியம் தெளிவு, கற்பனை வறட்சி' என்று மனத்துக்குள் எழுதிக்கொண்டார். சுத்தியலைக் கண்டுபிடித்தார். கத்தியைக் கண்டுபிடித்தார். சோபா ஓரமாக ஓர் ஊன்றுகோல் சாய்ந்திருந்தது. இது எதற்கு? கதைக்குச் சம்பந்தமில்லாத பொருள். முகம் சுளித்தார். ஆனாலும் கண்டதை விடுகிற வழக்கம் இல்லையே. தொட்டார். பைக்குள் போயிற்று.

சமையலறையில் இழுப்பறை ஒன்று மெதுவாக மூடிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

காற்று, என்றார்.

அடுத்து சுவர்க் கண்ணாடி மின்னியது. மின்னினால் அங்கே வேலை இருக்கிறது என்று அர்த்தம். சுத்தியலை எடுத்து அதன்மேல் வைத்தார்.

சடார்!

'ஒலி அமைப்பு அபாரம்' என்று எழுதிக்கொண்டார். அப்போதுதான் கழுத்தில் ஏதோ சுருக்கென்றது. தொட்டுப் பார்த்தார். விரலில் ரத்தம். தோளில் கண்ணாடித் தூள்.

திரும்பினார்.

சோபாவுக்குப் பின்னால் சுவரில் வெறும் சட்டம் தொங்கிக்கொண்டிருந்தது. தரையெங்கும் சில்லுகள். நடுவில் அடித்த அடி சுவர்ச் சுண்ணாம்பில் வட்டமாகப் பதிந்திருந்தது.

"இடி..." என்றார். கேட்க யாரும் இல்லை. எழுந்து பார்க்கலாம் என்று ஊன்றுகோலுக்குக் கையை நீட்டினார்.

ஊன்றுகோல் இல்லை.

திரையில் மீன் தொட்டி மின்னியது. ஆரஞ்சு நிற மீனின் வயிற்றுக்குள் சாவி பளபளத்தது. அடுத்த அறைக்கு அதுதான் சாவி. மேல் மூலையில் தங்கப் பதக்கத்துக்கான கடிகாரம் ஓடியது. கத்தியை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டேன் என்பார். மூடினாலும் குறி தப்பவில்லை.

சளக்.

வலப்பக்கம் தண்ணீர் அலம்பியது. பிறகு தரையில் ஈரமாக ஏதோ விழுந்தது. மனைவி ஆசையாக வளர்க்கும் மீன். தலையிலிருந்து வால்வரை கோடு கிழித்தாற்போல வயிறு பிளந்திருந்தது. வாய் மட்டும் திறந்து மூடியது... திறந்து மூடியது... நின்றது.

இப்போது அவருக்குப் புரிந்தது. புரியாமல் போக அவர் முட்டாள் இல்லை. இங்கே தொட்டால் அங்கே நடக்கிறது. திரையின் ஓரத்தில் 'வெளியேறு' என்ற பொத்தானும் இருந்தது. கழுகுக்கண்ணர் அதைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

ஆனால் பாதியில் எழுந்து போகிறவனுக்கு மதிப்பெண் போட யோக்கியதை இல்லை என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் அவர். இன்னும் ஓர் அறைதான் பாக்கி. ஒரே ஓர் அறை.

சாவியைப் போட்டார்.

குறுகலான அறை. நான்கு பக்கமும் எஃகுத் தகடு. ஜன்னல் இல்லை. சுவரில் எண்கள் போட்ட பொத்தான்கள்.

லிஃப்ட்.

உள்ளே ஒரு பெண், முதுகைக் காட்டி நின்றாள். வெள்ளைக் கோட்டு. கையில் மடித்த குடை. அள்ளிச் செருகிய கொண்டை. காதில் சிவப்புக் கல் தோடு. அதை வாங்கிக் கொடுத்தவருக்கு அது தெரியாதா?

கீழே ஒரே ஒரு வரி. 'குரல்வளை.'

அவள் கழுத்தோரத்தில், தோட்டுக்குச் சற்றுக் கீழே, கடுகளவு ஒரு மின்னல் மின்னியது.

கடிகாரத்தில் ஐந்து நொடி.

நான்கு.

மூன்று...

அழுத்தியது விரல்தான், நான் இல்லை என்று இன்றைக்கும் சொல்கிறார்.

திரை சிவந்தது. குலுங்கியது. 'தவறு. மீண்டும் முயலுங்கள்.'

அந்தப் பெண் காதைப் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. திரும்பினாள். நேராக அவரைப் பார்த்தாள்.

மனைவி.

இந்த விளையாட்டுகளில் ஆடுகிறவரின் உருவம் ஒருபோதும் தெரியாது. இப்போது தெரிந்தது. அவளுக்குப் பின்னால், எஃகுத் தகட்டில், ஒரு நிழல். ஒரு கையில் கத்தி. மறு கையில் ஊன்றுகோல்.

டக்...

டக்...

நிழல் ஓரடி நெருங்கியது. 'துப்பு வேண்டுமா?' என்ற பொத்தான் தானாக எரிந்தது. கழுத்தைச் சுற்றித் தானாக ஒரு வட்டம் விழுந்தது. கத்தி தானாக உயர்ந்தது.

அணைத்தார். அணையவில்லை.

மூடினார். உள்ளே அவள் அலறினாள்.

கம்ப்யூட்டரைத் தூக்கிச் சோபாவின் மரக்கையில் அடித்தார். திரை பிளந்தது. அலறல் நிற்கவில்லை. அடித்தார். சில்லு உள்ளங்கையில் ஏறியது. அடித்தார். விசைகள் பல்லைப்போல உதிர்ந்தன. அடித்தார். இரண்டாக முறிந்தது. அப்புறமும் அடித்தார்.

நின்றது.

மழை மட்டும்.

அவர் கைக்கடிகாரத்தில் ஐந்தாக எட்டு நிமிடம் இருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு மனைவி வந்தாள். காதைச் சுற்றிப் பெரிய கட்டு. கோட்டின் கழுத்து முழுக்க ரத்தம் காய்ந்திருந்தது. உடைந்த கண்ணாடி, செத்த மீன், கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கணவர், எல்லாவற்றையும் பார்த்தாள்.

"என்னாச்சுங்க?"

"இடி... உனக்கு?"

"லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு. நான் மட்டும்தான் உள்ள." அவள் உட்கார்ந்தாள். "யாரோ முதுகுக்குப் பின்னால மூச்சு விட்டாங்க. டக், டக்னு ஊன்றுகோல் சத்தம். நீங்கதான் கண்ணாடியத் தேடிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கே வந்துட்டீங்கன்னு நினைச்சேன்."

சிரிக்கப் பார்த்தாள். தையல் இழுத்தது.

"தோட்டைக் காதோட அறுத்துட்டுப் போயிருக்கு. ஒரு விரற்கடை கீழ பட்டிருந்தா பெரிய ரத்தக்குழாயாம். நான் அங்கயே போயிருப்பேன்னு டாக்டர் சொன்னார்."

"எப்போ?"

"அஞ்சாக எட்டு நிமிஷம் இருக்கும்போது. லிஃப்ட் கேமராவுல பார்த்தாங்க. நான் ஒருத்திதான் நிக்கிறேன். திடீர்னு காதைப் பிடிச்சுக்கிட்டுக் கத்துறேன். அவ்வளவுதான் இருக்கு."

லிஃப்டை அங்குலம் அங்குலமாகத் தேடினார்கள். தோடு கிடைக்கவில்லை. வீட்டைத் தேடினார்கள். சுத்தியல், கத்தி, ஊன்றுகோல் மூன்றும் கிடைக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து மாவுக்கட்டை வெட்டினார்கள். வெட்டுகிறவர் சின்ன ரம்பத்தை ஓட்டி, இரண்டாகப் பிளந்து விரித்தார். பஞ்சுக்கு உள்ளே, கணுக்கால் எலும்பின்மேல் அழுந்தி, ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. சிவப்புக் கல். கொக்கியில் காய்ந்து சுருண்ட ஒரு துணுக்குத் தோல்.

"இது எப்படிங்க உள்ள போச்சு?" வெட்டுகிறவர் கட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "நான் போட்ட கட்டு. பிரிச்ச அடையாளமே இல்லையே?"

மனைவி பக்கத்தில்தான் நின்றாள். தோட்டைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே அவர் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். பெயரில்லாத அந்த விளையாட்டைப் பற்றி மதிப்பீடும் எழுதினார். ஓவியத்தைப் பாராட்டியிருந்தார். ஒலியைப் பாராட்டியிருந்தார். பத்துக்கு ஒன்பது கொடுத்திருந்தார். ஒரு மதிப்பெண் கழித்ததற்குக் காரணமும் சொல்லியிருந்தார்: கடைசி அறையில் குறிவைக்க வேண்டிய இடம் மிகவும் சிறியது.