நகல் பார்க்காம எழுதின பதிவு

என் மக வக்கீல். கேஸ் நடத்துறதைவிட கேஸைப் பத்தி எழுதுறதுதான் அவளுக்கு அதிகம். வலைப்பூ ஒண்ணு வச்சிருக்கா. எந்தத் தீர்ப்பு வந்தாலும் அதனால நம்மள மாதிரி ஆளுங்களுக்கு என்ன ஆகும்னு எழுதிப் போடுவா. பன்னிரண்டு வருஷமா இதே வேலை. ஒருத்தர் நல்லா இருக்குன்னா, நாலு பேர் உனக்கென்ன தெரியும்னு வருவாங்க. அலுத்துப்போயும் விடமாட்டேங்குறா.

எழுதினதை முதல்ல படிக்கிறது நான். லாரி ஓட்டினவன், அஞ்சாம் வகுப்போட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். நான் திக்கின இடத்தையெல்லாம் அடிச்சிட்டு மறுபடி எழுதுவா. "புருவத்தைத் தூக்காதீங்கப்பா, உடம்புல தெம்பில்ல"ம்பா.

தெம்பு எங்கிருந்து வரும்? என் பேத்திக்கு ரெண்டு மாசம்தான் ஆகுது. அவ கொட்டாவி விட்டாக்கூட நான் நாலு வீட்டுக்குச் சொல்லிட்டு வர்றேன். பெத்தவளுக்குத்தான் ஒரு மணி நேரம் சேர்ந்தாப்புல தூக்கமில்ல.

அப்பத்தான் அந்த அடுக்குமாடி விஷயம் வந்துச்சு. இடியுற நிலைமையில இருக்கு, காலி பண்ணுங்கன்னு அறுபத்தி நாலு குடும்பத்துக்கு நகராட்சி நோட்டீஸ். அவங்க கோர்ட்டுக்குப் போனாங்க. மாசக் கடைசி வரைக்கும் யாரையும் வெளியேத்தக் கூடாதுன்னு ஜட்ஜ் சொல்லிட்டாருன்னு, அங்க இருந்த சிநேகிதி என் மகளுக்குப் போன் பண்ணினா.

ஜட்ஜ் கையெழுத்துப் போட்ட ஆர்டர் நகலைப் பார்க்காம என் மக ஒரு வரி எழுதமாட்டா. ஜட்ஜ் வாயால சொல்றது ஒண்ணு, எழுதும்போது நாலு சேரும். அன்னிக்குத் தோள்ல குழந்தை கத்துது, அடுக்குமாடிக்காரங்க போன் மேல போன். எழுதிட்டா. 'மாசக் கடைசி வரைக்கும் யாரும் எதுவும் செய்ய வேண்டாம். நிம்மதியா இருங்க.' நானும் படிச்சுட்டு, "தண்ணி மாதிரி தெளிவா இருக்கும்மா"ன்னேன்.

ஒன்பதாம் நாள் காலையில நகல் வந்துச்சு. போன்ல படிச்சவ முகம் செத்துப்போச்சு.

"அப்பா, பத்து நாளைக்குள்ள மாத்து வீடு கேட்டு ஒவ்வொரு குடும்பமும் மனு கொடுக்கணுமாம். கொடுக்காதவங்களை உடனே காலி பண்ண வைக்கலாம்னு இருக்கு."

"பத்து நாள் எப்ப முடியுது?"

"நாளைக்கு அஞ்சு மணிக்கு."

மாப்பிள்ளை ஆபீஸ்லேர்ந்து போன்ல சொன்னாரு: "தப்புன்னு எழுதாதே. 'கூடுதல் தகவல்'னு போடு. பெரிய வக்கீலுங்க உன்னை வறுத்துருவாங்க."

"கூடுதல் தகவல்னா யாரு படிப்பா? நான் தப்புப் பண்ணிட்டேன்னு போட்டாத்தான் ஓடிவந்து படிப்பாங்க."

அப்படியே போட்டா. முதல்ல வந்தது கேலி பண்றவங்கதான்.

அதோட விடல. மனு காகிதத்தைக் கட்டா எடுத்துக்கிட்டு அந்த அடுக்குமாடிக்கே கிளம்பிட்டா. லிப்ட் இல்லாத நாலு மாடி. நான் கீழே பேத்தியோட நிக்கிறேன், மேல ஒரு தையக்காரம்மா போடுற சத்தம் கேக்குது.

"நிம்மதியா இருன்னு எழுதினவ நீதானே?"

"ஆமாக்கா."

"இப்ப ஓடுங்கறே?"

"ஆமாக்கா."

"நல்லா எழுதினே போ. பச்சை உடம்போட இப்படியா படியேறுவே? உக்காரு. பேனாவைக் கொடு."

மறுநாள் மத்தியானத்துக்குள்ள அறுபத்தி மூணு குடும்பம் கொடுத்தாச்சு. மிச்சம் ஒரு வாட்ச்மேன். தனி ஆளு. ரெண்டு நாள் டூட்டி முடிச்சு அவரு வந்தப்ப மணி நாலு. அவர் கதவுல என் மக எழுதின பழைய பதிவு, லேமினேட் பண்ணி ஒட்டியிருக்கு.

"இதுதாம்மா என் பத்திரம்"ன்னாரு.

"அது தப்புண்ணே. இதுல கையெழுத்துப் போடுங்க."

"அன்னிக்கு ஒண்ணு சொன்னே, இன்னிக்கு ஒண்ணு சொல்றே. நாளைக்கு என்ன சொல்லுவியோ. நீ முதல்ல சொன்னதையே நான் வச்சுக்கிறேன்."

கெஞ்சினா. அழக்கூட செஞ்சா. அஞ்சு மணி தாண்டிருச்சு. மூணாம் நாள் அவர் கதவுல மட்டும் பூட்டுப் போட்டாங்க. சாமானெல்லாம் வராண்டாவுல.

என் மக கோர்ட்டுல பிரமாணப் பத்திரம் போட்டா. 'என் எழுத்தை நம்பித்தான் இவர் மனு கொடுக்கவில்லை. தவறு என்னுடையது.' கூட வேலை பாக்குற வக்கீலுங்களே வேடிக்கை பார்க்க வந்துட்டாங்க. ஜட்ஜ் அவளை நிக்க வச்சு நல்லாத் திட்டினாரு. அப்புறம், பூட்டை எடுங்க, மனு கொடுக்க இவருக்கு ஒரு வாரம்னாரு.

ஆர்டர் கைக்கு வந்த அன்னிக்கு வாட்ச்மேனும் வந்திருந்தாரு. வெளியில பெஞ்சில மூணு பேரும் உக்காந்தோம். என் மடியில பேத்தி தூங்குறா.

"இனிமே யாரை நம்புறதும்மா?"ன்னாரு.

"என்னை நம்பாதீங்கண்ணே. நகலை வாங்கி நீங்களே படிங்க."

"எனக்குப் படிக்கத் தெரியாதே. அன்னிக்கும் எதிர்வீட்டம்மாதான் படிச்சுச் சொல்லுச்சு."

என் மக கண்ணைத் தேய்ச்சுக்கிட்டா. அப்புறம் ஆர்டரை விரிச்சு, மேல இருந்த தேதியிலேர்ந்து ஒரு வரி விடாம அவருக்குப் படிச்சுக் காட்ட ஆரம்பிச்சா.