கை தூக்கிய இடம்

அருள்புரத்திலிருந்து பல்லடம் போகும் சாலையில், பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். பஸ்கள் வந்தன, ஏறத் தோன்றவில்லை. திருப்பூர்ப் பக்கம் வந்த பிறகு நான் விடும் ஆறாவது பனியன் கம்பெனி அது. எதையும் சொல்லிக்கொண்டு விட்டதில்லை. இந்த முறை மட்டும் கட்டிங் மாஸ்டரிடம் சொல்லியிருக்கலாம் என்று இருந்தது.

மாஸ்டரிடம் ஒரு நாவல் இருந்தது. பக்கம் பக்கமாக முற்றுப்புள்ளியே கிடையாது. செத்தவள் பேசுவாள், பிறகுதான் அவளுக்குக் கல்யாணம் நடக்கும். எட்டாவதோடு படிப்பை விட்ட நான் நாலு பக்கத்தில் மூடிவிட்டேன். பதினைந்து வருடமாக அதில் அப்படி என்ன இருக்கிறது என்று அவர் மனைவி கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்குப் புரியவைக்கத்தான் மாஸ்டர் அந்தக் கதையை, தெரிந்தவர்களை நடிக்கவைத்து, போனில் சினிமாவாக எடுத்தார். எடுத்ததை முதலில் எனக்குப் போட்டுக் காட்டினார்.

"தம்பி, உனக்கு வெளங்குச்சுன்னா எங்கூட்டம்மாவுக்கு வெளங்கீரும். வெளங்காத எடத்துல கையத் தூக்கு."

நான் தூக்கிய இடத்தையெல்லாம் வெட்டினார். ஒரு காட்சியில் ஒரு பெண் குழாயடியில் நிற்கிறாள். குடம் நிறைந்து வழிகிறது. அவள் நகரவில்லை. நெடுநேரம் அவ்வளவுதான். அங்கேயும் தூக்கினேன். ஆனால் பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறு நூலை வெட்டும்போதெல்லாம் அந்தக் குடம் கண்ணில் வழிந்தது. புரியாதது பிடித்திருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை மதியம், தன் வீட்டில் ஜன்னலைச் சாத்தி, சுவரில் வெள்ளைத் துணி கட்டி, வாடகைப் புரொஜெக்டரில் படம் போட்டார். நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவி கடைசிவரை பார்த்தார்.

"நல்லா வெளங்குதுங்க. புருசன் பொண்டாட்டி சண்ட, அவ செத்துப்போறா. இவ்வளவுதானுங்களா? இதுக்கா பதினஞ்சு வருசம் அந்தப் பொஸ்தகத்தக் கட்டீட்டு அழுதீங்க?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். மாஸ்டர் துணியை அவிழ்த்துச் சுருக்கமில்லாமல் மடிக்கத் தொடங்கினார்.

"அண்ணே, அந்தக் கொழாயடியத் திரும்பச் சேருங்கண்ணே."

"போன்ல எடமில்லீன்னு அழிச்சுப்போட்டனே தம்பி. நீதான கை தூக்குன?"

குறையாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. அக்காவிடம் அந்தக் காட்சியை வாயால் சொல்லிப் பார்த்தேன்.

"கொடம் ரொம்புனா எடுத்து வெக்கோணுமல்ல தம்பி?" என்றார்.

அன்று மாலையே பையை எடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை பல்லடத்தில் ஒரு கம்பெனி வாசலில் ஆள் எடுத்தார்கள். என்ன தெரியும் என்று சூப்பர்வைசர் கேட்டார்.

"பிசிறு வெட்டுவேங்க."

சின்னக் கத்தரி ஒன்றைக் கொடுத்து, செக்கிங் மேசையில் உட்காரவைத்தார்.