எந்தச் சாமி என்று கேட்டார்கள்

பணியின்போது ஏற்படும் காயம் பற்றிய எங்கள் தோட்டத்து விதி மிகத் தெளிவானது. காயம் என்றால் புண், எலும்பு முறிவு அல்லது உறுப்பு இழப்பு. அது தோட்டத்து ஆஸ்பத்திரியைக் கவனிக்கும் டிரெசரின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரிந்துவிட்டால் உடனே அறிக்கை, தாமதமில்லாத சிகிச்சை, சம்பளத்தோடு விடுப்பு. இந்த விதியைப் பிழையில்லாமல் தட்டச்சு செய்து அலுவலகச் சுவரில் மாட்டியவன் நான்தான். எழுபதுகளின் கடைசியில் மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்தேன். அந்த விதி எனக்கே தேவைப்பட்ட அன்று என் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

ஸ்டோருக்கு, அதாவது எங்கள் தேயிலைத் தொழிற்சாலைக்கு, ஓர் இயந்திர வார் வாங்க பிரிஞ்சாங் பட்டணத்துக்குப் போயிருந்தோம். தோட்டத்து லாரி, ஓட்டுநர், நான். ஓட்டுநர் நல்ல பருமன். வாய் ஓயாது. திரும்பி வரும்போது, தோட்டத்துப் பாதை சரிந்து இறங்கும் இடத்தில் திடீரென்று பேச்சை நிறுத்தினார். அதுவே எனக்கு விநோதமாக இருந்தது. பிறகு, கடையில் சீனி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற தொனியில் சொன்னார்: "ஐயா, பிரேக்கு இல்ல லா."

வலப்பக்கம் பள்ளத்தாக்கு. இடப்பக்கம் கொஞ்சம் தள்ளி, தேயிலைச் செடிகள் நிறைந்த மேடு. என் முன்னால் இருந்த இரும்புக் கம்பியை வலது கையால் பிடித்தேன். அதற்குமேல் எனக்கு எந்த வேலையும் இல்லை. ஓட்டுநர் கியரை இறக்கி, ஹாரனை அழுத்தி, வளைவு வருவதற்குள் லாரியைச் செடிகளுக்குள் ஏற்றினார். வெள்ளைக்காரன் காலத்துச் செடிகள், அடிமரம் தொடை கனம். அவை லாரியை வாங்கிப் பிடித்துக்கொண்டன. நின்ற பிறகு எட்டிப் பார்த்தால், பின்சக்கரம் ஒன்று பள்ளத்தின் மேல் அந்தரத்தில் சுழன்றுகொண்டிருந்தது.

இறங்கியதும் ஓட்டுநர் செய்ததை இன்றைக்கும் நினைத்தால் சிரிப்பு வரும். முதலில் அவருடைய முழங்கால் ஆடியது. பிறகு கை, தோள், தாடை. நிற்க முடியாமல் குதித்தார். தொடையில் அறைந்துகொண்டு லாரியைச் சுற்றிச் சுற்றி ஓடினார். பிரேக்கைப் பழுது பார்த்தவனின் பரம்பரையைத் தமிழிலும் மலாயிலும் கொஞ்சம் சீனத்திலும் விசாரித்தார். மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு ஓடி வந்தார்கள். லாரி நின்றிருந்த கோலத்தைப் பார்த்து அழுதவர்கள், அவர் ஆடிய கோலத்தைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"அண்ணே, ஒங்க தங்கச்சி கல்யாணத்துலகூட இப்படி ஆடலயே!"

"உசுரு திரும்பி வந்திருக்கு தாயி. ஆடாம என்னா செய்ய?"

கடைசியில் அவர்களிடமே தேநீர் வாங்கிக் குடித்துவிட்டு, புல்லில் மல்லாந்து படுத்து ஒரு பெருமூச்சு விட்டார். மறுநாள் வேறு லாரியை விசிலடித்துக்கொண்டே ஓட்டினார்.

நானோ பெரிய கிராணி. மெதுவாக இறங்கினேன். சட்டைக் காலரைச் சரி செய்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். அறிக்கைக்குத் தேவைப்படும் என்பதால் மணி பார்த்தேன். "ஐயாவுக்குப் பயமே இல்லயா?" என்று ஒருத்தி கேட்டாள். "அதான் நின்னுடுச்சே, அப்புறம் என்ன பயம்?" என்றேன். இந்தப் பதில் அன்று மாலைக்குள் தொழிலாளர் குடியிருக்கும் எல்லா லயங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. எனக்கும் அதில் திருப்திதான். என் கால்களும் ஆடத்தான் பார்த்தன. பெண்கள் நிற்கும் இடத்தில் அது அழகில்லை என்று பல்லைக் கடித்து நிறுத்திவிட்டேன். அறிக்கையில், "எவருக்கும் காயமில்லை" என்று நானே எழுதினேன்.

இரண்டொரு நாளில் கழுத்து திரும்ப மறுத்தது. வலது தோள் காதை நோக்கி ஏறிக்கொண்டது. வலது கை விரல்கள் மடங்கி இறுகிவிட்டன. அந்தக் கம்பியை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பது போல. விரல்களை இடது கையால் பிரித்துவிட்டால் மெல்ல மெல்லத் திரும்பவும் மடங்கும். என் சட்டைக்கு மனைவி பொத்தான் போட்டுவிட்டாள். இரவில் விழித்துக்கொண்டு, "தூக்கத்துலயாவது அந்தக் கம்பிய விடுங்களேன்" என்பாள்.

டிரெசர் அழுத்திப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். "வெளிய ஒண்ணுமே தெரியலயே, நான் என்னான்னு எழுதுறது கிராணி?" என்றார். விதி அறிந்த மனிதர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்புகள் ஒழுங்காக வரிசையில் நின்றன. பிரிஞ்சாங்கில் சீன வைத்தியர் ஒரு பற்றுப் போட்டார். அந்த நாற்றத்தில் அலுவலகமே இரண்டு நாள் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தது. ஈப்போ நகரத்தில் இருக்கும் நிபுணரைப் பார்க்க அனுமதி கேட்டு, தோட்ட நிர்வாகியான துரை மூலமாகத் தலைமை அலுவலகத்துக்கு விண்ணப்பம் அனுப்பினேன். இடது கையின் ஒரு விரலால் தட்டச்சு செய்தது. பதில் இல்லை. நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் இல்லை.

எழுத முடியாத எழுத்தரை ஒரு தோட்டம் எவ்வளவு நாள் வைத்திருக்கும்? எங்கள் துரை மலாய்க்காரர், நல்ல மனிதர். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார்: வருடக் கடைசி வரை பார்க்கலாம், அதற்குப் பிறகு தன்னால் தாங்கிப் பிடிக்க முடியாது. வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும். குவார்ட்டர்ஸ் போனால் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் போகும். இதற்கெல்லாம் நடைமுறை எனக்கு அத்துப்படி. வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதத்தின் வாசகம்கூட மனப்பாடம், மற்றவர்களுக்கு நான்தானே அனுப்பியிருக்கிறேன்.

தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்பு, நல்ல கொழுந்துக் காலம். ஸ்டோர் மாடியில் பச்சைக் கொழுந்தை வாட்டும் நீளத் தொட்டிகள் எல்லாம் நிரம்பி வழிந்தன. தொட்டிக்கு அடியிலிருந்து விசிறிக் காற்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் கொழுந்து சூடேறிச் சிவந்து, ஒன்றுக்கும் உதவாமல் போகும். அன்று பிற்பகல் மழையில் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் நாலு முறை இருமிவிட்டு ஓய்ந்தது. இனி ஒரே வழி, ஆட்கள் தொட்டியின் இருபுறமும் நின்று, இரண்டு கைகளாலும் கொழுந்தை அடியிலிருந்து அள்ளி மேலே வீசி உதறுவது. ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் லயத்துக்கும் அலுவலகத்துக்கும் ஆள் அனுப்பினார்.

அலுவலக ஊழியர்கள் கொழுந்தைத் தொடக்கூடாது என்று ஒரு விதி உண்டு. அதை அவருக்கு நினைவூட்டத்தான் மாடிக்கு ஏறினேன்.

"சட்டத்த அப்புறம் வாசிக்கலாம் கிராணி. ஏறி நில்லுங்க!"

"எனக்கு ஒரு கைதான்யா வேலை செய்யும்."

"ஒரு கை போதும் லா!"

நின்றேன். எதிர்ப்புறம் நம் ஓட்டுநர், வேர்வையில் நனைந்து, வாய் ஓயாமல். இருபுறமும் பறிக்கும் பெண்கள். இடது கையால் அள்ளினேன். அது சரிவராமல், மடங்கிய வலது கையைத் துடுப்பு மாதிரி உள்ளே விட்டு, இடுப்பை வளைத்து உடம்போடு சேர்த்துத் தூக்கி வீசினேன். அள்ளு, வீசு, உதறு. கொஞ்ச நேரத்தில் எல்லாருடைய கையும் ஒரே தாளத்துக்கு வந்துவிட்டது. எனக்கு மூச்சு வாங்கியது. நின்று இளைப்பாற நினைத்தபோது கெண்டைக்கால் ஆட ஆரம்பித்தது.

நிறுத்தப் பார்த்தேன். இம்முறை அது என் பேச்சைக் கேட்கவில்லை. தொடை ஆடியது, வயிறு ஆடியது, தோள் குலுங்கியது, பற்கள் கிடுகிடுத்தன. வலிப்பு என்று நினைத்து நானே பயந்துபோனேன். பிறர் வலிப்பு என்று நினைத்திருந்தால், நாலு பேர் அமுக்கிப் பிடித்து, கையில் இரும்புச் சாவியைத் திணித்து, சோடா வாங்கிக் கொடுத்து, என்னை மறுபடியும் பழைய மாதிரியே பூட்டி வைத்திருப்பார்கள். நல்லவேளை, என் பக்கத்தில் நின்ற அம்மாள் வேறு மாதிரி முடிவு செய்தாள்.

"விலகுங்கடி, விலகுங்க! கிராணி ஐயாவுக்குச் சாமி வந்திருக்கு!"

எங்கள் தோட்டத்தில் சாமி வந்தவரை யாரும் பிடித்து அடக்க மாட்டார்கள். அவர் விழாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார்கள், அவ்வளவுதான். ஆட விடுவார்கள். அம்மாள் இடுப்பு முடிச்சிலிருந்து திருநீறு எடுத்து என் நெற்றியில் அப்பிவிட்டு, பயபக்தியோடு கேட்டாள்: "யாரு வந்திருக்கீங்க? எந்தச் சாமி?"

எனக்குப் பதில் சொல்ல நாக்கு நிலைகொள்ளவில்லை. எதிர்ப்புறத்திலிருந்து ஓட்டுநர் சொன்னார்: "பிரேக்கு இல்லாத சாமி தாயி! அன்னிக்கே எனக்கு வந்திருச்சு. ஐயாவுக்கு இப்பத்தான் வருது. லேட்டு லா, பரவால்ல."

யாரும் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன். ஆடிக்கொண்டே சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன், எது எங்கே முடிந்தது என்று எனக்குத் தெரியாது. அம்மாள் கைகூப்பி வாக்குக் கேட்டாள். தொட்டியிலிருந்து புளித்த வாசனை லேசாகக் கிளம்பி மூக்கில் பட, "கொழுந்து சூடேறுது, நிக்காம உதறுங்க!" என்று கத்தினேன். அவ்வளவுதான். அது தெய்வ வாக்காயிற்று. அதற்குப் பிறகு அந்தப் பெண்கள் அள்ளி வீசிய வேகத்தை எந்தத் துரையும் எந்தக் கங்காணியும் வாங்கியிருக்க முடியாது. என் உடம்பும் ஓயும்வரை ஆடிக்கொண்டிருந்தது.

மின்சாரம் வந்து விசிறிகள் உறுமியபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். வேர்த்துக் கொட்டியிருந்தது. உடம்பு முழுக்க ஒரு வெதுவெதுப்பு. டீமேக்கர் பக்கத்தில் வந்தார். அவர் பார்த்த திசையில் நானும் பார்த்தேன், கழுத்தைத் திருப்பி. அதன் பிறகுதான் கழுத்து திரும்பியதே உறைத்தது. வலது கை மடியில் மல்லாந்து விரிந்து கிடந்தது. உள்ளங்கையில் ஒரு பிடி கொழுந்து, கசங்கி, பச்சைச் சாறு வடிய.

"கொழுந்தக் கசக்குற ரோலர் செய்யற வேலைய நீங்களே செஞ்சிட்டீங்களே கிராணி," என்றார்.

ஒரே நாளில் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ஆனால் வழி தெரிந்துவிட்டது. தினமும் அலுவலகம் பூட்டியதும் ஸ்டோருக்குப் பின்னால் போய் நின்று, நனைந்த கோழி சிலிர்ப்பது போல உடம்பை உதறினேன். தோளைச் சுழற்றினேன். குதிகாலால் தரையை மிதித்தேன். நடுக்கம் வந்தால் வர விட்டேன். தீபாவளிக்கு என் சட்டைக்கு நானே பொத்தான் போட்டேன். வருடக் கடைசிக் கணக்கை என் கையாலேயே எழுதித் துரையிடம் நீட்டினேன். அவர் எழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையை நீட்டிக் குலுக்கினார். நானும் குலுக்கினேன், கொஞ்சம் அதிகமாகவே. அந்த அம்மாள் மட்டும் நான் ஓய்வு பெறும்வரை என்னை எங்கே கண்டாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பேசினாள். விளக்கிச் சொல்லலாம் என்று இருமுறை முயன்றேன். பிறகு யோசித்துப் பார்த்தால், அன்று என்னைச் சரியாக நடத்தியது அவள் ஒருத்திதான். விட்டுவிட்டேன்.

இப்போதும் பயமோ கோபமோ வந்தால் முதலில் எழுந்து நின்று கை கால்களை உதறுகிறேன். மருமகள்கள் என்ன நினைத்தாலும் சரி. பயத்தை உடம்பு தன் போக்கில் ஆடித் தீர்த்துவிடும், குறுக்கே நின்று கௌரவம் பார்க்காமல் இருந்தால் போதும் என்பதை, எல்லா நடைமுறையும் தெரிந்த நான் அந்தத் தொட்டியின் ஓரத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

சொல்ல மறந்துவிட்டேன். தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. விண்ணப்பம் பரிசீலனையில் இருப்பதாகவும், முடிவு தெரியும்வரை வலது கையை எவ்விதத்திலும் அசைக்காமல் முழு ஓய்வில் வைத்திருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். பெற்றுக்கொண்டதற்கு அந்தக் கையாலேயே கையெழுத்துப் போட்டேன். தேதி, அடுத்த ஆண்டுத் தைப்பூசத்துக்கு மறுநாள்.