கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த வளரி

1928ஆம் வருஷம் மே மாதம் ஏழாம் தேதி, திங்கட்கிழமை. அம்மா கேப்பைக் கூழ் கரைத்தாள். அய்யா மாடுகளுக்குத் தண்ணீர் காட்டினார். அத்தை வாசல் தெளித்துவிட்டுக் குளித்து வந்தாள். வெயில் ஏறுவதற்குள் அய்யா, அத்தை, நான் மூவரும் நாட்டரசன்கோட்டையிலிருந்து சிவகங்கைக்கு நடக்கத் தொடங்கினோம்.

அத்தை அய்யாவின் தங்கை. அவளுக்குக் கூடி வந்த இரண்டு சம்பந்தங்கள் கலைந்து, மூன்றாவதாகத் திருக்கோஷ்டியூர்ப் பக்கம் ஒன்று அமைந்திருந்தது. நிச்சயத்தன்று இரு வீட்டாரும் தங்கள் பாட்டன் எறிந்த வளரியைச் சபையில் மாற்றி, அன்றே திருப்பிக்கொள்வது எங்கள் வழக்கம். ஓடுகிற மானைச் சாய்க்கும் வளைந்த கட்டை அது. "வழக்கப்படி மாத்திக்கிருவோம்" என்றார் மாப்பிள்ளையின் தகப்பனார். அய்யாவும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். கம்பெனிக்காரர்கள் வீடுவீடாக ஆயுதம் பறித்த காலத்திலேயே எங்கள் வளரி போய்விட்டிருந்தது. புதுக்கட்டையைக் கொண்டுபோய் நீட்டினால், பாட்டன் பேர் சொல்ல ஒன்றுமில்லாத வீடு என்று ஆகிவிடும்.

முதன்முதலில் இங்கே வந்து குடியேறிய துரைமார்களின் தட்டுமுட்டுச் சாமான்களைச் சிவகங்கையில் ஒரு பழைய பங்களாவில் வைத்திருந்தார்கள். உயிரில்லாத சாமான்கள் இருக்கும் இடம் என்பதால் ஊரார் அதைச் செத்த காலேஜ் என்பார்கள். மடக்குக் கட்டில், பொய்மயிர்த் தொப்பி, காது உடைந்த கோப்பை, எல்லாவற்றுக்கும் சீட்டு ஒட்டியிருந்தது. கடைசிக் கண்ணாடிப் பெட்டியில் ஒரு வளரி. "ஊரார் மனமுவந்து கொடுத்தது" என்று காவற்காரர் சீட்டைப் படித்துக் காட்டினார்.

அய்யா தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"தங்கச்சி நிச்சயத்துக்கு ஒரே ஒரு நாளைக்குக் குடுத்து உதவுனீகன்னா, மறுநாளே கொண்டாந்து வச்சிருவேன்."

"நல்லாருக்கே! உங்க தங்கச்சிக்குப் புருஷன் வந்துருவான். எனக்கு உத்தியோகம் போனா என் பொண்டாட்டிக்குச் சோறு நீங்க போடுவீகளா?"

அய்யா மறுபடியும் கெஞ்சினார். அத்தை சுவரில் சாய்ந்துகொண்டாள். "வாங்கண்ணே, போவோம். கலைஞ்சா இதுவும் கலைஞ்சுட்டுப் போகட்டும். எனக்கு ஓஞ்சு போச்சு."

காவற்காரர் அவளைப் பார்த்தார். அவருக்கும் மனம் கேட்கவில்லை போலும். "எந்த ஊருச் சம்பந்தம்?" என்றார். அய்யா சொன்னார்.

"மாப்பிள்ளைக்கு அப்பன், நெத்தியில தழும்பு உள்ளவரா?"

"அவரேதான். உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"போன வாரம் வந்தாரு. மகன் நிச்சயத்துக்கு ஒரு நாளைக்குக் குடுங்கன்னு இதே கண்ணாடிக்கு முன்னாடி நின்னு மல்லுக்கட்டிட்டுப் போனாரு."

அய்யா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பொய்மயிர்த் தொப்பியைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்து நானும் சிரித்தேன். திரும்பும் வழியில் ஊர் வெகுதூரத்தில் இருப்பதுபோல் இருந்தது.

மறுநாள் காலை அய்யா முதல் வேலையாக என்னையும் கூட்டிக்கொண்டு தச்சர் வீட்டுக்குப் போனார். புளியங்கட்டையில் இரண்டு வளரிகள் செய்து, எண்ணெயும் கரியும் தேய்த்துப் பழசாக்கித் தரச் சொன்னார். ஒன்றைச் சாக்கில் சுற்றி, யாருக்கும் தெரியாமல் மாப்பிள்ளை வீட்டில் சேர்க்க ஆள் பார்க்கவும் சொன்னார்.

"அவுக பாட்டன் எறிஞ்சது சோத்துக்கையிலயா, பீச்சாங்கையிலயா?" என்று மட்டும் தச்சர் கேட்டார்.

நாம் கொடுத்தனுப்புவதையே நாம் சபையில் திரும்ப வாங்குவதற்கு எதற்கு இத்தனை பாடு என்று எனக்கு விளங்கவில்லை.