வாலாஜாபாத் பஸ் பின்னால் வராது

காலையில் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது எங்கள் தலைமையாசிரியை போன் செய்தார். "யூசுப் சார் போயிட்டாரும்மா. தூக்கத்துலயே." "எந்த யூசுப் சார்?" என்று கேட்டேன். எங்கள் பள்ளியில் யூசுப் என்று ஒருவர்தான். முந்தின நாள் சாயங்காலம்தான் அவரோடு சண்டை போட்டிருந்தேன். எப்படி நம்புவது?

அவரிடம் பிளஸ் ஒன் இயற்பியல் படித்தவர்களுக்குத் தெரியும், காஞ்சிபுரம் தேர்தான் அவருடைய முதல் கணக்கு. "வடம் இழுக்கிறதுக்கு முன்னாடி தேரோட வேகம் என்னாபா? சைபர்தானே? இதுக்கு ஏன் முழிச்சிக்கினு இருக்கே?" என்பார். முதலில் வேகத்துக்கும் நேரத்துக்கும் வரைபடம் போடவைப்பார், கடைசியில்தான் ஃபார்முலா. அதே பாடத்தை இன்னொரு பிரிவுக்கு எடுக்கும் எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. நேராக எண்களைப் போடச் சொல்கிறவள் நான்.

சண்டையும் அதைப் பற்றித்தான். எங்கள் வழக்கப்படி திருத்துவதற்கு அவர் வகுப்பு விடைத்தாள்கள் என்னிடம், என் வகுப்புடையவை அவரிடம். என்னிடம் வந்த தாள் கட்டை நான் இன்னும் பிரிக்கவில்லை. தேர்வில் ஒரு கணக்கு இது: நொடிக்கு இருபது மீட்டர் வேகத்தில் வரும் வாலாஜாபாத் பஸ் பிரேக் போடுகிறது. ஒவ்வொரு நொடியும் வேகத்தில் ஐந்து மீட்டர் குறைகிறது. ஆறு நொடியில் எவ்வளவு தூரம் போகும்? நாலாவது நொடியிலேயே நின்றுவிடும், நாற்பது மீட்டர். யோசிக்காமல் ஃபார்முலாவில் ஆறைப் போட்டால் முப்பது வரும். அப்படியானால் நின்ற பஸ் பின்னால் ஓடிவர வேண்டும்.

"முப்பதுன்னு எழுதினாலும் ஸ்டெப்புக்கு மார்க் போடலாம்மா, பாவம்" என்றார் யூசுப் சார்.

"உங்க பிள்ளைங்களைக் காப்பாத்த என்கிட்ட சிபாரிசா?" என்று ஸ்டாஃப் ரூமே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

சிரித்தார். "நாளைக்குப் பேசிக்கலாம். கோவத்தோட வீட்டுக்குப் போவாதீங்க."

அடக்கம் முடிந்த மறுநாள் அவர் வகுப்புக்கு என்னை அனுப்பினார்கள். என்ன பேசுவதென்று தெரியாமல் அந்தக் கணக்கையே கேட்டேன். "நாப்பது மிஸ்" என்றார்கள்.

"முப்பதுன்னு யாருமே எழுதலியா?"

"இல்ல மிஸ். பஸ் எப்போ நிக்கும்னு முதல்ல பாருன்னு சார் சொல்லிக்கினே இருப்பாரே" என்ற முன் பெஞ்சுப் பெண் ஓவென்று அழுதுவிட்டாள்.

அடுத்த பீரியட் என் வகுப்பு. அதே கேள்வி. "முப்பது மிஸ்!" ஒருவர் பாக்கியில்லாமல்.

இவர்களுடைய தாள்கள் அவரிடம்தானே இருந்தன. மனிதர் என் பிள்ளைகளுக்காக என்னிடமே கெஞ்சியிருக்கிறார். எல்லோர் முன்னாலும் அதைச் சொல்ல மனம் வராமல், திட்டையும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

இனி நானும் பஸ் எப்போது நிற்கும் என்று கேட்ட பிறகே ஃபார்முலா எழுதுவேன். அது அவர் எனக்கு விட்டுப்போனது. உங்களிடம் இருந்த என் வகுப்புத் தாள்களை நானே திருத்தி, ஸ்டெப்புக்கு மார்க் போட்டுவிட்டேன், சார். மன்னிப்பை நான் யாரிடம் போய்க் கேட்பது?