எழுபது சென்டிமீட்டருக்கும் பக்கத்தில்

இதை எழுத சுகன்யா மூன்று மாதமாக விடவில்லை. கடைசியில், "எழுதிக்க. ஆனா ஒண்ணக்கூட கூட்டிச் சொல்லாத" என்றாள். நான் கூட்டவில்லை. கீழே வரும் நேரமெல்லாம் அவள் தன் நோட்டில் குறித்து வைத்தவை. இருட்டு, மழை, ஊளையிடும் நாய் எதுவும் இதில் கிடையாது. பங்குனி மாதத்துப் பட்டப்பகல். கண் கூசும் வெயில். நடந்தது அந்த வெளிச்சத்தில்தான்.

சுகன்யா திண்டுக்கல்லில் பதினோரு வருடமாகக் கல்யாணப் படம் எடுப்பவள். அந்தப் பங்குனியில் அவளுக்கு ஒரு புத்தக வேலை வந்தது. இந்தப் பக்கத்துத் தோட்ட வீடுகள் இருபதைப் படம் பிடித்துத் தரவேண்டும். "எல்லாப் படமும் ஒரே கேமராவுல இருக்கணும். முதல்ல ஒரு வீட்டை எடுத்து அனுப்புங்க, பார்க்கிறோம்" என்று பதிப்பகத்தார் சொல்லியிருந்தார்கள். அவள் பெயர் போட்டு வரப்போகிற முதல் வேலை. விட மனசில்லை.

கல்யாணக் கேமரா தோட்டம் தோட்டமாகச் சுமக்கக் கனம். அதுபோக அவளிடம் சட்டைப்பைக்குள் அடங்கும் காம்பேக்ட் கேமரா ஒன்று இருந்தது. அதன் சென்சார், அதாவது படம் பதியும் சில்லு, சுண்டுவிரல் நகம் அளவுதான். பேகம்பூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ராயப்பராஜ், கூடப் படித்தவன், தன்னுடைய ஃபுல் ஃபிரேம் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவை இரவல் கொடுத்தான். இதன் சென்சார் பெரிய தபால்தலை அளவு.

"ரெண்டையும் ஒரே எடத்துல வச்சு எடுத்துப் பாரு. அப்புறம் முடிவு பண்ணு" என்றான். "ஆனா இதுல ஜூம் கெடையாது. கிட்ட வேணும்னா முன்னால நட. தள்ளி வேணும்னா பின்னால நட. அம்புட்டுத்தான்."

ஃபோகஸ் செய்யவும் சொல்லிக் கொடுத்தான். கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடியின் நடுவில் வெளிச்சமாக ஒரு சின்னக் கட்டம். அந்தக் கட்டத்துக்குள் எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பினால் இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றானதும் ஃபோகஸ் சரி. அந்தப் பொருள் எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று வளையத்திலேயே படித்துக்கொள்ளலாம். கண்ணை எடுக்காமல், வளையத்தில் விரல் நிற்கும் இடத்தை வைத்தும் சொல்லிவிடலாம்.

நத்தம் ரோட்டில், புளியந்தோப்பு ஒன்றைத் தாண்டி அந்த வீடு. ஆறேழு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. சாவி பக்கத்துத் தோட்டத்தில் மல்லிகை போட்டிருக்கும் சேதுபதியிடம் இருந்தது. காலை 11.50க்கு அவர் கேட்டைத் திறந்துவிட்டார்.

"நீங்க எடுங்கக்கா. எனக்குக் கரண்ட்டு பன்னெண்டேகால் வரைக்குந்தான். தண்ணி பாச்சிட்டு வாரேன்."

சுகன்யா வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். படம் எடுக்க அதுதான் தோதான இடம். மூன்று கல்படி. நீலம் வெளிறிய பழைய இரட்டைக் கதவு. எதிரே நெல் காயவைக்கும் சிமெண்டுக் களம். களத்தின் கோடியில் பாழுங்கிணறு. சுற்றுச்சுவர் எப்போதோ இடிந்து தரையோடு தரையாகக் கிடந்தது. எட்டிப் பார்த்தாள். அறுபதடி இருக்கும். தண்ணீர் இல்லை. கிணற்றிலிருந்து கதவு நல்ல தூரம் என்று மனசில் குறித்துக்கொண்டாள்.

12.05. முதலில் காம்பேக்ட். கதவு, படி, மேலே ஓடு, ஓட்டுக்குப் பின்னால் தென்னை... எல்லாமே துல்லியமாக வந்தன. சின்ன சென்சாரின் குணம் அது. கிட்டே இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒரே தெளிவு.

திரையில் ஒரு மஞ்சள் கட்டம் எழுந்தது.

முகம் தெரிந்தால் கேமரா போடுமே, அந்தக் கட்டம். மூடிய கதவின்மேல், ஆள் உயரத்தில் நின்றது. சுகன்யா சிரித்துக்கொண்டாள். சுவரில் ஒரு கறை, மரப்பலகையில் கண்போல இரண்டு முடிச்சு இருந்தால்கூட இந்தக் கேமரா முகம் என்றுதான் சொல்லும்.

12.09. ரேஞ்ச்ஃபைண்டரை எடுத்தாள். கதவின் நாதாங்கி இரண்டாகத் தெரிந்தது. வளையத்தைத் திருப்பினாள். ஒன்றானது. ஐந்து மீட்டர். சொடுக்கினாள். கதவு அப்படியே கையால் தொடலாம் போல வந்திருந்தது. பின்னால் தென்னை பஞ்சாகக் கரைந்திருந்தது. பதினோரு வருடத்தில் அவள் எடுத்ததிலேயே நல்ல படம். இந்தக் கேமராதான் என்று முடிவே செய்துவிட்டாள்.

ஒப்பிட்டுப் பார்க்க மறுபடி காம்பேக்டைத் தூக்கினாள்.

மஞ்சள் கட்டம் கதவில் இல்லை. படிக்குக் கீழே, களத்தில் இருந்தது. முன்பைவிடப் பெரியதாக இருந்தது.

முகம் கிட்டே வந்தால்தான் கட்டம் பெரியதாகும்.

தலையை நிமிர்த்திப் பார்த்தாள். வெறும் களம். காய்ந்த தென்னை மட்டை ஒன்று. வெயில்.

12.13. காம்பேக்டைப் பையில் போட்டாள். ரேஞ்ச்ஃபைண்டரைக் கண்ணில் வைத்தாள். ஐந்து மீட்டரில் கதவு சரியாகத்தான் இருந்தது. ஆனால் நடுக்கட்டத்துக்குள் வேறு ஏதோ இரண்டாக நின்றது. மங்கலாக. வளையத்தைத் திருப்பினாள். இரண்டும் நெருங்கின... ஒன்றாயின. ஒரு தோள். தோளில் வெளிறிய துணி.

மூன்று மீட்டர்.

கேமராவை இறக்கினாள். யாருமில்லை.

கண்ணில் வைத்தாள். தோள் இருந்தது. மறுபடி இரண்டாகப் பிரிந்திருந்தது. அது நகர்ந்திருக்கிறது.

பழக்கதோஷம். கிட்டே வந்துவிட்டால் படக்காரர்கள் செய்வதைத்தான் அவளும் செய்தாள். ஓரடி பின்னால் வைத்தாள்.

12.15. சேதுபதியின் மோட்டார் நின்றது. அதுவரை ஒரு சத்தம் இருந்ததே அப்போதுதான் தெரிந்தது. குருவிகூடக் கத்தவில்லை.

இரண்டு மீட்டர்.

"சேதுபதி அண்ணே..." என்று கூப்பிட வாயெடுத்தாள். அதற்குள் கட்டத்தில் அது மறுபடி பிரிந்தது. இரண்டடி பின்னால் போனாள்.

ஒன்றரை மீட்டர்.

கேமராவை இறக்கிவிட்டு ஓட வேண்டியதுதானே என்று நானும் கேட்டேன். "எறக்குனா அது எங்க நிக்கிதுன்னு தெரியாமப் போயிருமே" என்றாள்.

பின்னால் இன்னும் இரண்டடி.

ஒரு மீட்டர். தோள் இல்லை இப்போது. கன்னம். ஈரமான முடி.

காலடிச் சத்தம் ஒன்று கேட்டது. ஒன்றுதான். அவளுடையது.

பின்னால்... இன்னும் பின்னால்...

12.18. பூஜ்யம் புள்ளி ஏழு.

வளையம் நின்றுவிட்டது. எழுபது சென்டிமீட்டர். அதற்கும் கிட்டே அந்த லென்ஸ் போகாது.

கட்டத்துக்குள் இரண்டு முகம்.

இரண்டும் ஒன்றாகவில்லை.

விரல் வலிக்கத் திருப்பினாள். வளையம் அசையவில்லை. அது அதற்கும் கிட்டே இருந்தது.

கைக்கெட்டும் தூரத்துக்கும் உள்ளே.

வலது காலைப் பின்னால் தூக்கினாள்.

"அக்கா..."

முதுகுக்குப் பின்னாலிருந்து ஆண் குரல். மெலிந்த, களைத்த குரல்.

"பின்னால வராதீங்கக்கா."

கால் அப்படியே நின்றது. திரும்பிப் பார்த்தாள்.

குரல் வந்த திசையில் ஆள் இல்லை. தரையும் இல்லை. கிணறு இருந்தது. இடது குதிகால் விளிம்பில். தூக்கிய வலது காலுக்குக் கீழே அறுபதடி.

எப்படி ஓடினாள் என்று நினைவில்லை. கேட் அருகே சேதுபதி மண்வெட்டியோடு வந்துகொண்டிருந்தார். மணி 12.21.

"என்னக்கா... மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போச்சு?"

"நீங்களாண்ணே கூப்பிட்டது?"

"நான் இப்பத்தான வாரேன்."

"கெணத்துக்குள்ள ஆள் இருக்கு. பேசுனாங்க."

சேதுபதி ஓடினார். அவள் களத்து முனையிலேயே நின்றுகொண்டாள். அவர் எட்டிப் பார்த்தார். இரண்டு முறை குரல் கொடுத்தார். கல் ஒன்றைப் போட்டார். காய்ந்த தரையில் அது விழும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து மண்வெட்டியைக் கீழே வைத்தார். பிறகு, "உங்கள என்னன்னு கூப்புட்டுச்சு?" என்றார்.

"அக்கான்னு."

"போன ஐப்பசியில ஒரு தம்பி இதுல விழுந்து செத்துருச்சுக்கா. சின்னாளபட்டி. விக்னேஷ்குமார்னு பேரு. படம் எடுக்கத்தான் வந்துச்சு. பின்னால நகண்டப்ப தவறி விழுந்துருச்சுன்னு சொன்னாங்க. உங்ககிட்ட சொல்லியிருக்கணும். பயந்துருவீங்கன்னு சொல்லாம விட்டுட்டேன்."

அன்று மாலையே ரேஞ்ச்ஃபைண்டரை ராயப்பராஜிடம் திருப்பிக் கொடுத்தாள். 12.09 படத்தில் கதவும் படியும் மட்டும்தான் இருந்தன. அதற்குப் பிறகு அவள் சொடுக்கவே இல்லை. அந்தப் படத்தைப் பதிப்பகத்துக்கு அனுப்பவில்லை. வேறு இருபது வீடு தேடி, எல்லாவற்றையும் காம்பேக்டில் எடுத்தாள். ஜூமை இழுத்துக்கொள்ளலாம். பின்னால் நடக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் குரல் அவளை விடவில்லை. 'போகாதீங்க' என்று அது சொல்லவில்லை. 'வராதீங்க' என்றது. உயிரைக் காப்பாற்றியவனின் வீட்டு வாசலையாவது மிதித்துவிட்டு வரவேண்டும் என்று தோன்றியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சின்னாளபட்டிக்குப் போனாள்.

விக்னேஷ்குமாரின் மனைவி புவனேஸ்வரி தறியிலிருந்து எழுந்து வந்தாள். அந்த வீட்டைப் படம் எடுக்கப் போனதைச் சுகன்யா சொன்னாள். சுவரில் மாலை போட்ட படம். இருபத்தேழு வயசு முகம். சுகன்யாவுக்கு அந்தப் படம் உறுத்தியது. முகம் மட்டும் கூர்மையாக, பின்னால் எல்லாம் பஞ்சாகக் கரைந்து... மிகவும் கிட்டே நின்று எடுத்த படம். அந்தக் கண்கள் கேமராவைப் பார்க்கவில்லை. அதற்குச் சற்று மேலே பார்த்தன.

"நல்லா இருக்கும்மா படம். யார் எடுத்தது?"

புவனேஸ்வரி உள்ளே போனாள். பீரோவைத் திறந்து பெரிய படம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதே படம்தான், முழுசாக. முகத்தை மட்டும் வெட்டிச் சுவரில் மாட்டியிருந்தார்கள். முழுப் படத்தில் அவனுடைய இரண்டு கைகளும் தெரிந்தன. இரண்டும் வெறும் கைகள். வேண்டாம் என்பதுபோல் முன்னால் நீட்டியிருந்தான். முதுகுக்குப் பின்னாலேயே, மங்கலாகக் கிணறு.

"அவரு கேமராவுல இருந்த கடைசிப் படம்க்கா இது. அன்னைக்கு அவரு தனியாத்தான் போனாரு. போலீசும் கேக்காத ஆளில்ல."

"கேமராவ கெணத்துலேருந்தா எடுத்தாங்க?"

"இல்லக்கா" என்றாள் புவனேஸ்வரி. "அந்தத் தோட்ட வீட்டுப் பின்வாசப்படியில இருந்துச்சு. ஒரு கீறல் கெடையாது. லென்ஸு மூடிகூடப் போட்டு வச்சிருந்துச்சு."