அழித்து வரைந்த முகம்

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் டொரன்டோவுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பகலில் தையல் தொழிற்சாலையில் வேலை, பின்னேரம் ஸ்காபரோ சமூக நிலையம் ஒன்றில் ஆங்கில வகுப்பு.

அந்த நிலையத்தின் பெரிய சுவரில் ஓவியம் வரைய அமெரிக்காவிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். அறுபது வயதிருக்கும். தொழிலாளர்களையும் வீடில்லாதவர்களையும் அகதிகளையும் வரைந்தே பெயர் எடுத்தவர் என்று எங்கள் ஆசிரியை சொன்னார். பெருமை துளியும் இல்லை. எங்களோடு நிலத்தில் இருந்து தேத்தண்ணி குடிப்பார். ஒருநாள், உன்னை வரையலாமா என்று சைகையில் கேட்டார். ஏதோ கொப்பியில் கீறப்போகிறார் என்று நினைத்துச் சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

மூன்று கிழமை கழித்து, திறப்பு விழாவுக்கு முதல்நாள், அதுவரை துணியால் மூடியிருந்த சுவரைப் பார்த்தேன். தையல் மெசினுக்குப் பின்னால், படத்தின் நடுவில், அச்சொட்டாக நான். அவ்வளவு அழகு. ஆனால் எனக்குச் சந்தோஷப்பட முடியவில்லை. நாளைக்குப் பத்திரிகைக்காரர் வருவார்கள். என் தம்பி அப்போது கொழும்பில் தடுப்புக்காவலில் இருந்தான். வெளிநாட்டில் தனக்கு ஒருவரும் இல்லை என்று விசாரித்தவர்களிடம் சொல்லியிருந்தான்.

கூடப் படித்த மட்டக்களப்பு அக்காவுக்கு ஆங்கிலம் ஓரளவு வரும்.

"என்ர முகம் பேப்பரில வந்தால் தம்பிக்கு ஆபத்து எண்டு சொல்லுங்கோ அக்கா" என்றேன்.

அக்கா அதைச் சொன்னதும், எல்லாம் முடிந்த பிறகு சொல்கிறாயே என்று அந்த அம்மா ஏசப்போகிறார் என நினைத்தேன். அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஏணியில் ஏறி, மண்ணிறச் சாயத்தால் என் முகத்தை அப்படியே மூடினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கேயே நின்று, நான் இருந்த இடத்தில் யன்னல் பக்கம் திரும்பியிருக்கும் ஒரு பெண்ணை வரைந்தார். முதுகும் கொண்டையும் மட்டும்தான் தெரிந்தன.

இறங்கி வந்ததும், என்னை வரைந்த தாள்களைக் கொப்பியிலிருந்து கிழித்து என் கையில் தந்து ஏதோ சொன்னார்.

"சுவரில வரையப்போறன் எண்டு முதல்லயே விளக்கமாச் சொல்லிக் கேட்டிருக்கணுமாம். தன்ட பிழையாம். மன்னிக்கட்டாம்" என்றார் அக்கா.

தம்பி ஒன்றரை வருடத்தில் விடுதலையாகி, பிறகு என்னிடம் வந்து சேர்ந்தான். சோதனைச்சாவடிகளிலும் குடிவரவு அலுவலகங்களிலும் எத்தனையோ பேர் என் முகத்தை உற்று உற்றுப் பார்த்திருக்கிறார்கள். அது எனக்குச் சொந்தமானது என்று நினைத்து என்னிடமே திருப்பித் தந்தவர் அந்த அம்மா ஒருவர்தான்.